பொறவு அம்மா

ஜோவிட்டா வரைந்த படத்தில் நான்கு பேர் இருந்தார்கள். தூத்துக்குடி வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். வானத்தில் இருக்கும் அமலியையும் சேர்த்தால் மூன்று. மூன்றரை வயதுப் பிள்ளைக்கு எண்ணத் தெரியவில்லை என்று விட்டுவிடலாம் என்றால் அதுவும் முடியாது. ஜோவிட்டா எண்ணுவதில் கெட்டிக்காரி. தட்டில் எத்தனை இறால் விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடவே உட்காருவாள்.

சுவர்த்திரைக்கு முன்னால் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகச் சொன்னாள். மீசை வைத்தவர் அப்பா. பலூன் பிடித்திருப்பது ஜோவி. பூப்போட்ட சட்டை போட்டு, வாயெல்லாம் பல்லாக ஜோவியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அம்மா. தாளின் மேல் மூலையில் கொசு அளவுக்கு இன்னொன்று இருந்தது. அது யாரு என்று பக்கத்தில் நின்ற ரீகன் கேட்டான்.

"அது பொறவு அம்மா," என்றாள் ஜோவிட்டா.

பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்து அந்தப் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்த அமலிக்கு, அந்தக் கொசு தான்தான் என்று புரிவதற்கு ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் பதிவை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தாள். பிள்ளை தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள்.

விஷயம் என்னவென்றால், பூமி சூரியனைச் சுற்றும் அதே பாதையில், பூமிக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளி, கூடவே சுற்றி வந்தது அந்தக் காவல் நிலையம். சூரியனில் புயல் கிளம்பினால் முன்கூட்டியே பார்த்துச் சொல்வது அதன் வேலை. அங்கே ஆறு பேர். அமலி கருவிகளைப் பழுது பார்ப்பவள். நிலையத்துக்கும் பூமிக்கும் இடையே உள்ள தூரம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. பேச்சு போய்ச் சேர எட்டு நிமிடம் இருபது நொடி. பதில் திரும்பி வர இன்னொரு எட்டு நிமிடம் இருபது நொடி. ஆகப் பதினாறு நிமிடம் நாற்பது நொடி. ஒளியைவிட வேகமாக எதுவும் போக முடியாது, தாயின் குரலும் சேர்த்துத்தான். 'அம்மா, பூனை பாரு' என்று பிள்ளை சொன்னால், 'எங்கே?' என்று தாய் கேட்பது பதினேழு நிமிடம் கழித்து. அதற்குள் பூனை அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.

இதற்கு விண்வெளி மையம் கண்டுபிடித்த வைத்தியம்தான் துணைமுகம். கிளம்புவதற்கு முன் அமலியை நூறு மணி நேரம் பேசவும் சிரிக்கவும் அதட்டவும் விட்டுப் படம் பிடித்தார்கள். அதை வைத்து ஒரு அமலியை உருவாக்கி வீட்டுச் சுவரில் ஏற்றினார்கள். பிள்ளை பேசினால் அந்த நொடியே பதில் சொல்லும். வீட்டில் நடப்பதெல்லாம் அதற்குத் தெரியும். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல்களை நண்டாக்கிக் கைமேல் ஏறவிட்டு, அக்குளில் கிச்சுகிச்சு மூட்டும் விளையாட்டுகூட அதற்குத் தெரியும். சுவரில் அது விரலை நெளிக்கும், ரீகன் தன் விரல்களைப் பிள்ளையின் கைமேல் அதே மாதிரி ஓட்டுவான். ஜோவிட்டா சிரித்துச் சிரித்து விக்கிப்போவாள்.

நிலையத்துக்குப் போன ஏழு மாதமும் அமலி உறக்கப் பெட்டியில் கிடந்தாள். அந்த ஏழு மாதமும் பிள்ளையோடு பேசியது துணைமுகம். கண் விழித்த பிறகு அமலி தினமும் ஒரு பதிவு அனுப்பினாள். சாயங்காலம் 'அம்மா'வோடு விளையாடி முடித்த பிறகு ரீகன் அதைப் போட்டுக் காட்டுவான். முதலில் அம்மா, பொறவு இன்னொரு அம்மா. பிள்ளையின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. எல்லாவற்றுக்கும் அமலியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்ததால், யாரிடமும் போய்ச் சண்டை போடவும் வழியில்லை.

ஆனாலும் போட்டாள்.

முதலில் டாக்டர் உமையாளிடம். துணைமுகத்தை வடிவமைத்த குழந்தை மனநல நிபுணர் அவர், நல்ல மனுஷி. அமலியின் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் அனுப்பினார்.

"அமலி, ஒரு முகம் நிஜமா இல்லையான்னு சின்னப் பிள்ளை தோற்றத்த வச்சு முடிவு பண்றதில்ல. தான் ஒண்ணு செஞ்சா அதுக்கு உடனே பதில் வருதான்னுதான் பாக்கும். அது சிரிச்சா எதிர்ல சிரிக்கணும். அது விழுந்தா 'ஐயோ'ன்னு ஒரு சத்தம் வரணும். ரெண்டு வினாடி தாண்டிட்டா அதுக்கு நீங்க வெறும் படம். உங்க மேல பாசம் இல்லாம இல்ல. அந்த வயசு அப்படி."

"அப்ப அது நான், நான் படம். அப்படித்தானே டாக்டர்?" என்று அமலி திருப்பி அனுப்பினாள். "சரி. நான் திரும்பி வந்து வீட்டுக்குள்ள நுழையிற அன்னைக்கு என் பிள்ள என்கிட்ட வருவாளா, சுவத்துப் பக்கம் ஓடுவாளா? அத மட்டும் சொல்லுங்க."

பதினேழு நிமிடத்தில் வர வேண்டிய பதில் அன்று முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தது. கொஞ்ச நாளில் பழகிக்கொள்வாள் என்று மட்டும் உமையாள் சொல்லியிருந்தார். அந்த முக்கால் மணி நேரம்தான் அமலிக்கு உண்மையான பதிலாகப் பட்டது. துணைமுகத்தை நிறுத்திவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தாள்.

நிறுத்தும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. ஆனால் குடும்பம் என்றால் ரீகனும்தான். துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டுபவன். மூன்று மணிக்கு வேலை முடிந்து, பால்வாடியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, அடுப்பைப் பற்றவைப்பான். அவனுக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை.

"நீ அங்கன இருந்து ஈசியா சொல்லிருவ," என்று பதில் அனுப்பினான். "இங்கன நான் ஒருத்தன் கெடந்து அல்லாடுதேன். சோறு பொங்கணும், துணி துவைக்கணும், இவளுக்குத் தல சீவணும். அது இருக்கப்போய்த்தான் என் பொழப்பு ஓடுது. அவளும் சந்தோசமா இருக்கா. அத எதுக்குப் புள்ள கெடுக்கச் சொல்லுத?"

மூன்று வாரம் இந்த இழுபறி நடந்தது. நேருக்கு நேர் போடும் சண்டையில் ஒரு சௌகரியம் உண்டு; குரல் உயர்ந்தால் மற்றவர் இறங்கிப் போகலாம். பதினேழு நிமிட இடைவெளியில் அதற்கும் வழியில்லை. இவள் சமாதானமாகப் பேசி அனுப்பும்போது அவன் கோபமாகப் பேசியது வந்து சேரும். அவன் தணிந்து பேசினால் இவளுடைய ஏச்சு அவனிடம் போய்ச் சேர்ந்திருக்கும். கடைசியில் அமலி ஏசுவதை விட்டுவிட்டு மனசில் இருந்ததைச் சொன்னாள்.

"அவ சந்தோசமா இருக்கா, நான் இல்லன்னு சொல்லல. யாரோட சந்தோசமா இருக்கா? அது அவளுக்குச் சோறு ஊட்டச் சொல்லுது, கத சொல்லுது, விழுந்தா 'ஐயோ'ங்குது. அதுல ஒண்ணுகூட நான் சொன்னது இல்லங்க. எம்புள்ள என்கிட்ட கோவிச்சுக்கட்டும். என்னய நெனச்சு அழட்டும். அழுதாலும் அது எனக்காக அழுத அழுகையா இருக்கும்ல. எனக்கு அதாவது வேணும்."

ரீகன் அதை நான்கு தடவை போட்டுக் கேட்டானாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும், சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரிடம் போய்த் துணைமுகத்தை அமத்திவிட்டான்.

அடுத்த ஒன்பது நாள் இருக்கிறதே, அது யாருக்கும் வரக் கூடாது. ஜோவிட்டா சுவரைத் தட்டினாள். கெஞ்சினாள். சமாதானம் செய்ய வந்த அப்பாவின் கையைக் கடித்து வைத்தாள். ஐந்தாம் நாள், தன் தட்டில் இருந்த இறாலையெல்லாம் ஒன்றுவிடாமல் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டுச் சுவரடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, "நான் சேட்ட பண்ண மாட்டேன், வா" என்றாள். எட்டு நிமிடம் இருபது நொடி கழித்து அமலி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கருவி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மறுபடி போட்டுவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. எடுத்த காரியத்தைப் பாதியில் போடும் பழக்கம் அவளுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

சும்மாவும் இருக்கவில்லை. விளையாட்டு அனுப்பினாள். கண்ணாமூச்சி ஆடிப் பார்த்தாள்: ஜோவிட்டா ஒளிந்துகொள்ள, அமலி வீட்டைப் பார்த்து 'பீரோவுக்குப் பின்னாலயா?' என்று கேட்பது போய்ச் சேரும்போது, பிள்ளை வெளியே வந்து, முகம் கழுவி, தூங்கியும் போயிருந்தாள். காகிதத்தில் மீன் மடிக்கும் வித்தையை அனுப்பினாள். ரீகன் மடித்தது மீனாகவும் இல்லை, வேறு எதுவாகவும் இல்லை. நண்டு விளையாட்டில் அவள் விரல் முழங்கையைத் தாண்டியபோது ரீகனின் விரல் மணிக்கட்டிலேயே நின்றது. இந்த அம்மாவுக்குக் கை சரியில்லை என்று ஜோவிட்டா எழுந்து போய்விட்டாள். நிலையத்தில் உடன் இருந்த ஐந்து பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒன்றும் தேறவில்லை.

பத்தாம் நாள் அமலிக்கு யோசனையும் தீர்ந்துபோயிருந்தது. காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்து, வாய்க்கு வந்ததைப் பேசினாள். "என் பட்டு இப்ப என்ன செஞ்சிட்டு இருப்பா? சட்ட போட்டு, தல சீவி, சமத்தா உக்காந்து பால் குடிச்சிட்டு இருப்பா."

அந்தப் பேச்சு வீட்டுச் சுவரில் ஒலித்த நேரத்தில் ஜோவிட்டா ஒட்டுத்துணி இல்லாமல், துணி ஊறவைக்கும் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வீட்டைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். நின்றாள். வாளியைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். அப்புறம் தன் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"இல்லையே," என்றாள். "நான் சட்டயே போடலையே. பொறவு அம்மா, நீ தோத்துட்ட."

பத்து நாளாகச் சிரிக்காத பிள்ளை சிரித்தாள். சுவர்ப் பக்கம் ஓடி வந்து, வாளியை மறுபடி கவிழ்த்துக்காட்டி, இன்னொரு தடவை சிரித்தாள்.

அமலி அதைப் பார்த்தபோது முதலில் அழுகைதான் வந்தது. அப்புறம் மூளை வேலை செய்தது. துணைமுகம் ஒருநாளும் தோற்றதில்லை. பிள்ளை என்ன செய்கிறாள், எதை மறைக்கிறாள் என்று வீட்டுக் காமிராக்கள் வழியாக அது எல்லாவற்றையும் பார்த்துவிடும். நூற்றுக்கு நூறு சரியாகச் சொல்லும். அப்படிப்பட்ட அம்மாவை எந்தப் பிள்ளையாலும் ஜெயிக்க முடியாது. தூரத்தில் இருந்து, ஒன்றும் தெரியாமல், தப்புத் தப்பாக உளறும் அம்மாவைத்தான் ஜெயிக்கலாம்.

அன்று பிடித்த பிடியை அவள் விடவே இல்லை. ரீகனும் மாறிப்போனான். விளையாட்டுக்கு ஒரு முறையைக் கண்டுபிடித்ததே அவன்தான். உலை கொதித்து அரிசியைப் போட்டதும் ஜோவிட்டாவைத் திரைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவான். அவள் எதையாவது கையில் வைத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "பொறவு அம்மா, என் கையில என்ன?" என்று கேட்பாள். கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். சோறு வெந்து கஞ்சி வடிக்கும் நேரத்துக்குப் பதில் வந்து சேரும். "உன் கையில ஆன இருக்கு. குளிக்காத ஆன." ஜோவிட்டா எங்கே இருந்தாலும் ஓடி வந்து கையை விரித்துக் காட்டி, "இல்லையே, தோத்துட்ட" என்று குதிப்பாள். அப்புறம்தான் சோறு.

காத்திருப்பது என்று ஒன்று இருப்பதே தெரியாமல் அந்தப் பிள்ளை காத்திருக்கப் பழகிக்கொண்டாள். கேட்பது, போவது, மறப்பது, திரும்பி வருவது. அம்மாவோடு பேசுவது என்றால் இப்படித்தான் என்று ஆகிவிட்டது. பழைய துணைமுகத்துக்குச் 'சொவரு அம்மா' என்று அவளே பெயர் வைத்தாள். நாளடைவில் அந்தப் பெயரும் அருகிப்போயிற்று. கதை கேட்பது, காய்ச்சல் வந்தால் சொல்வது, அப்பா அடித்தார் என்று கோள் மூட்டுவது எல்லாம் பொறவு அம்மாவிடம்தான். அமலி அனுப்பும் தப்பான பதிலுக்காக அவள் தினமும் ஒரு பொருளைத் தேடித் தேடி ஒளித்து வைத்தாள்.

திரும்பும் நாள் நெருங்கியபோது டாக்டர் உமையாளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தான் நினைத்தது தப்பு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருந்தார். அந்த விளையாட்டை மையம் முழுக்கப் பார்த்துவிட்டதாம். புதிய துணைமுகத்துக்குத் தப்புச் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறார்களாம். பத்துக்கு மூன்று தடவை தவறாகச் சொல்லுமாம். திரும்பி வரும் ஏழு மாதமும் அமலி உறக்கப் பெட்டியில்தான் கிடக்க வேண்டும். அந்த ஏழு மாதத்துக்கு மட்டும் புதியதை வீட்டில் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்டிருந்தார். பிள்ளையின் நன்மைக்காகத்தான் கேட்கிறேன் என்றும் சொல்லியிருந்தார். அவர் பொய் சொல்பவர் அல்ல.

"பத்துக்குப் பத்து தப்பா சொல்றதுக்கு நான் இருக்கேன் டாக்டர்," என்று அமலி பதில் அனுப்பினாள். "அதுக்கு மிஷின் வேண்டாம்."

இருநூற்றுப் பதிமூன்று நாள் பயணம். நாளைக்கு ஒன்றாக இருநூற்றுப் பதிமூன்று பதில்களைப் பதிவு செய்து அனுப்பிவிட்டுத்தான் படுப்பேன் என்று உட்கார்ந்தாள். ஒன்று போல இன்னொன்று இருக்கக் கூடாது. யானை, ரயில், மாதா கோயில் மணி, திமிங்கலத்தின் பல், பாதிரியாரின் குடை, மழை. அறுபதைத் தாண்டியதும் தொண்டை கட்டிக்கொண்டது. நூற்று இருபதில் கற்பனை வறண்டுபோய், ஐந்து பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பிள்ளை கையில் இருக்கவே முடியாத பொருள்களாகப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். இருநூற்றுப் பதிமூன்றாவதை முடித்தபோது குரல் காற்றாகத்தான் வந்தது. ரீகனுக்கு ஒரே ஒரு வார்த்தை தனியாகச் சொன்னாள்: அரிசி போடும்போது கேள்வி, கஞ்சி வடிக்கும்போது பதில், ஒருநாள்கூட முன்னே பின்னே போகக் கூடாது. அவன் சரி என்றான். அவள் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ரீகன் சொன்ன சொல் தவறாதவன். இருநூற்றுப் பதிமூன்று நாளும் அப்படியே செய்தான்.

தரையிறங்கிப் பதினோரு நாள் மருத்துவர்களின் கையில் இருந்துவிட்டு, பன்னிரண்டாம் நாள் காலையில் அமலி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தாள். கால்களுக்கு இன்னும் தெம்பு வரவில்லை. பார்வையாளர் அறை, ஒரு பெரிய கடிகாரம், கதவை ஒட்டிக் கண்ணாடிச் சன்னல். டாக்டர் உமையாளும் வந்திருந்தார். என்ன பேசுவது என்று அமலி பதினோரு நாளாக யோசித்து வைத்திருந்தாள். கதவு திறந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

ரீகனின் காதோரம் நரைத்திருந்தது. அவன் காலைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயது ஜோவிட்டா நின்றாள். நெட்டையாகிவிட்டாள், முன்நெற்றியில் ஒரு வெட்டுத் தழும்பு, அதைப் பதிவில்கூடப் பார்த்த ஞாபகம் இல்லை. அமலியை ஏற இறங்கப் பார்த்தாள். மெல்ல மூன்று எட்டு வைத்து முன்னால் வந்தாள். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

"பொறவு அம்மா, என் கையில என்ன?"

அவளுக்குப் பின்னால் இருந்த சன்னல் கண்ணாடியில் அந்தக் கை பளிச்சென்று தெரிந்தது. அமலிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "செவப்பு கிளிப்பு தங்கம்," என்றாள், பிள்ளை வாயை மூடுவதற்குள்.

ஜோவிட்டாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. ஒரு எட்டு பின்னால் போனாள். இன்னொரு எட்டு. அப்புறம் திரும்பி ஓடி அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அப்பா, இது பொறவு அம்மா இல்ல," என்றாள். "இது சொவரு அம்மா. அத அமத்திட்டேன்னு எங்கிட்ட சொன்னியள்ளா."

டாக்டர் உமையாள்தான் முதலில் சுதாரித்தார். பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, பாப்பா, இவங்கதான் உண்மையான அம்மா என்று விளக்க ஆரம்பித்தார். அமலி கையைத் தூக்கி அவரை நிறுத்தினாள்.

அவளுக்கு விளங்கிவிட்டது. உடனே பதில் சொல்கிறவள் உன் அம்மா இல்லை, சரியாகச் சொல்கிறவள் உன் அம்மா இல்லை: ஒற்றைக் காலில் நின்று, தொண்டை கிழியப் பேசி, அவளே மகளுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது. பிள்ளை நன்றாகப் படித்திருக்கிறாள். இதற்குப் பெருமைப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் இப்போது நேரம் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து முப்பத்திரண்டு.

வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள்.

ரீகனுக்கு அரை நிமிடம் ஆயிற்று. அப்புறம் அவனும் கடிகாரத்தைப் பார்த்தான். "வா ஜோவி, நாம கொஞ்சம் வெளாடுவோம். பதில் பொறவு வரும்," என்று மகளை வாசல் வராந்தாவுக்கு அழைத்துப் போனான். கதவைச் சாத்தவில்லை.

பதினைந்து கோடி கிலோமீட்டர் தாண்டி வந்தவளுக்கு அந்தப் பத்தடி கடினமாக இருந்தது. ஜோவிட்டா வராந்தாத் தரைக் கட்டங்களில் ஒற்றைக் காலில் தாவினாள். இரண்டு தடவை வாசலில் தலையை நீட்டி உள்ளே பார்த்தாள். அமலி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ஒன்பதாவது நிமிடத்தில் பிள்ளை கால் இடறி முழங்கால் தரையில் பட விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்தே நிமிர்ந்து அமலியின் முகத்தைத்தான் பார்த்தாள். அமலி நாற்காலியின் கைப்பிடியை நகம் பதிய அழுத்தினாள். 'ஐயோ' தொண்டை வரைக்கும் வந்தது. அதை விழுங்கினாள். டாக்டர் உமையாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜோவிட்டா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, அடுத்த கட்டத்துக்குத் தாவினாள். அவள் முகத்தில் இருந்த பயம் கொஞ்சம் இறங்கியிருந்ததை ரீகன் பார்த்தான்.

பத்து நாற்பத்தெட்டு. அமலி நொடி முள்ளை எண்ணினாள். நாற்பது.

"ஜோவி, உன் கையில கப்பல் இருக்கு," என்றாள். "மூணு பாய்மரம் இருக்கு. உள்ள நெறைய உப்பு ஏத்தியிருக்கு."

தன்னைப் போலவே தானே நடிக்க வேண்டியிருந்தது. நன்றாக நடிக்கிறோமா என்று பயமாகவும் இருந்தது.

வராந்தாவில் தாவும் சத்தம் நின்றது. அப்புறம் ஓடி வரும் சத்தம். ஜோவிட்டா நேராக வந்து அமலியின் மடியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, மூடிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள்.

"இல்லையே. கிளிப்பு. தோத்துட்ட."

"தோத்துட்டேன்," என்றாள் அமலி.

ஜோவிட்டா அவள் கன்னத்தை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள். மூக்கைத் தொட்டாள். "நீ சொவத்துல இருந்தத விடப் பெருசா இருக்க," என்று சொல்லிவிட்டு, கிளிப்பை அமலியின் தலைமுடியில் கோணலாகக் குத்தினாள். பிறகு அறையைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டு, மேசையிலிருந்து எதையோ சட்டென்று எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"இப்ப என் கையில என்ன?"

கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், அப்பாவைத் தாண்டி வராந்தாவுக்கு ஓடிவிட்டாள்.

ரீகன் அமலியைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. இப்படியே எத்தனை நாள் என்று கேட்டான்.

"இன்னைக்கு இப்படியே இருக்கட்டும். நாளைக்குப் பதினாறு நிமிசத்துல சொல்லுவேன். மறுநா பதினஞ்சு. அவளுக்குத் தெரியாம ஒவ்வொண்ணாக் கொறைப்பேன். பதினேழு நாள்ல வந்து சேந்துருவேன்."

"அவ கண்டுபுடிச்சிட்டான்னா?"

"மறுபடி மொதல்ல இருந்து எண்ணுவேன்."

ஜோவிட்டா எடுத்தது டாக்டரின் பேனா மூடி. அமலி பார்த்திருந்தாள். அதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் பதினாறு நிமிடம் இருந்தது.